நகர்த்தி வைத்த அட்டவணை

மேட்டுக் குடியிருப்புக்கு வெந்நீர் தள்ளும் பம்பு ஜனவரி இருபதாம் தேதி காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு நின்றது. நிற்கவைத்தவன் நான்தான். அப்போது அது எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்குச் சற்று முன்புதான் தெரிந்தது. இடையில் இருந்த நேரம் முழுக்க மற்ற எல்லோர்மேலும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வுகாடின். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர் வெப்ப நிலையத்தில் முப்பத்தொன்பது வருடம் வேலை. முதலில் கரி அள்ளினேன், பிறகு கொதிகலன், கடைசியில் கண்காணிப்பு அறை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் பனிக்காலம் வந்தால் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். அன்பினால் அல்ல, இந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

மேட்டுக் குடியிருப்பில் நானூற்றுப் பத்து வீடுகள். அங்கே போகும் குழாய் ஆற்றுப் பாலத்தின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு போகிறது. குழாய்க்குப் போர்த்தியிருந்த பஞ்சையும் தகரத்தையும் அக்டோபரில் எவனோ உரித்துக்கொண்டு போய்விட்டான். பார்க்கிறோம் என்றது நகராட்சி. நாற்பது மீட்டர் இரும்பு அம்மணமாக நிற்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி, அதோடு காற்று வேறு. ஓட்டம் நின்றால் மூன்று மணி நேரத்தில் பாலத்தின் மேல் பனி பிடிக்கும், குழாய் வெடிக்கும். வெடித்தால் புதுக் குழாய் வந்து பற்றவைக்க மார்ச் ஆகிவிடும். அதுவரை நானூற்றுப் பத்து வீடும் குளிரில் கிடக்கும். கணக்கு அவ்வளவுதான். பதினோரு மணி பத்து நிமிடம்வரை எனக்கு நேரம் இருந்தது.

பம்பை ஓட்டுவது கணினி. அந்தக் கணினிக்குப் போன நவம்பரில் நிஷ் நகரத்திலிருந்து நெவெனா என்ற பெண் வந்து ஒரு காவலைப் போட்டாள். வேறொரு ஊரின் நிலையத்துக்குள் வெளியாள் யாரோ கணினி வழியாகப் புகுந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாப் பம்பையும் அணைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் புத்தி வந்தது.

அந்தக் காவலை நெவெனா எனக்கு விளக்கியது இப்படி. ஒவ்வொரு கோப்பின்மேலும் ஒரு முத்திரை இருக்கும். ஓடும் ஒவ்வொரு நிரலின்மேலும் ஒரு முத்திரை. எந்த முத்திரை எந்த முத்திரையைத் தொடலாம் என்று ஒரு விதிப்பட்டியல் உண்டு. பட்டியலில் எழுதாதது நடக்காது. கோப்பு யாருக்குச் சொந்தம், படிக்க அனுமதி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். சொந்தக்காரனே வந்து நின்றாலும் விதி மறுத்தால் மறுத்ததுதான். யாரையும் நம்பாத ஒரு பொருளை இந்த நிலையத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்றால் அதை நம்பினேன் என்று அர்த்தமில்லை.

இரண்டு மாதம் அந்தக் காவலை அவள் வேடிக்கை பார்க்க மட்டும் விட்டிருந்தாள். வாட்ச்மேன் திருடனைப் பார்ப்பான், நோட்டில் எழுதிக்கொள்வான், ஆனால் தடுக்கமாட்டான். அது மாதிரி. நோட்டைப் படித்து விதிகளைச் சரிசெய்துவிட்டு, பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை நிஷ் நகரத்திலிருந்தே தடுக்கும் நிலைக்கு மாற்றினாள். திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்தத் திங்கள்தான் இருபதாம் தேதி.

இதற்குப் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாகக் கட்டளை அடிக்க வேண்டும். எனக்காக ஓர் அட்டையில் ஒன்பது கட்டளைகளை எழுதிக் கொடுத்திருந்தாள், பக்கத்திலேயே எங்கள் மொழியில் விளக்கமும். ஆங்கிலம் எனக்குத் தெரியாது. எழுத்துகளை வடிவமாகப் பார்த்துக்கொள்வேன். வால்வு எண்களை அப்படித்தான் முப்பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

காலையில் நடந்தது இது. குளிர் பதினைந்துக்குக் கீழே போனால் வேறு அட்டவணை போட வேண்டும். வெளியே இத்தனை டிகிரி என்றால் குழாய்க்குள் இத்தனை டிகிரி என்று சொல்லும் பட்டியல் அது. ஃபிட்டர் ஸ்பாசொயே அதைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். நான் அதைக் கணினிக்குள் எனக்கென்று இருக்கும் சொந்த அறைக்குள் எடுத்துவைத்து, கையிலிருந்த காகிதத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். எவன் கொடுத்தாலும் அப்படிப் பார்க்காமல் போடமாட்டேன். பிறகு பம்பை ஓட்டும் நிரலின் அறைக்குள் வைத்தேன். நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன்.

ஓடவில்லை. அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்றது. அட்டவணை இல்லாவிட்டால் பம்பை நிறுத்து என்று அந்த நிரலைச் செய்தவன் எழுதிவைத்திருக்கிறான். நிற்கிற பம்புதான் பத்திரம் என்று நினைத்திருக்கிறான். அவன் குளிர் இல்லாத ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.

மூன்று தடவை ஓடவிட்டேன், மூன்று தடவையும் அதே பதில். கோப்பின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தேன், சரி. படிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. பழைய அட்டவணையைத் திரும்பப் போடலாம் என்றால் அதை நானே அழித்திருந்தேன். இரண்டு அட்டவணை கிடந்தால் எவனாவது தப்பானதைப் போட்டுவிடுவான் என்று பதினொரு வருடமாக அழித்துத்தான் பழக்கம்.

பம்பைக் கையால் ஓட்டும் பெட்டி மேலே குன்றின் பம்பு வீட்டில் இருக்கிறது. ஸ்பாசொயே டிராக்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அந்தச் சாலையில் பனி வாரவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போகச் சொன்னேன்.

பாலத்தின் மேல் குழாயில் ஒரு வெப்பமானி உண்டு. எட்டு பத்துக்கு ஐம்பத்துநான்கு காட்டியது. ஒன்பது பத்துக்கு இருபத்தேழு.

நெவெனாவைக் கைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. அவளுக்கு முன்னால் மேனேஜர் வந்து சேர்ந்தார்.

மேனேஜர் திஹொமிருக்கு ஐம்பது வயது இருக்கும். அன்று அவர் வீட்டில் ஸ்லாவா, குடும்பப் புனிதரின் திருநாள். யோவான்தான் அவர்கள் வீட்டுக் காவல் புனிதர். நண்பகலில் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்ட வேண்டும், முப்பது பேருக்குச் சாப்பாடு. கறுப்பு கோட்டும் டையுமாக, மெழுகுவர்த்தியும் ராக்கியா சாராயமும் மணக்க உள்ளே வந்தார். கையில் பெட்டகத்திலிருந்து எடுத்த உறை ஒன்று. அதில் ரூட் என்ற பெரிய கணக்கின் கடவுச்சொல் இருந்தது.

"மாஸ்டர், அந்தக் காவலைத் தூக்கிக் கடாசு," என்றார். "ஒரே ஒரு வார்த்தைன்னு அந்தப் பொண்ணே சொன்னாளே."

உண்மைதான். செட்என்ஃபோர்ஸ் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு பூஜ்யம். காவல் மறுபடி வேடிக்கை பார்க்கப் போய்விடும். அட்டையில் ஒன்பதாவது கட்டளை அது. பக்கத்தில் நெவெனா சிவப்பு மையில் 'என்னைக் கேட்காமல் கூடாது' என்று எழுதியிருந்தாள்.

அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்றேன். இந்த நிலையத்துக்கு யார் மேனேஜர் என்று கேட்டார். நீங்கள்தான், ஆனால் விசை அடிக்கிற விரல் என்னுடையது என்றேன். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். பின்னால் யாராவது உட்கார்ந்தால் எனக்கு முதுகு அரிக்கும்.

ஒன்பது நாற்பதுக்கு நெவெனா எடுத்தாள். வெப்பமானி பதினெட்டில் இருந்தது. அவள் பஸ்ஸில் இருந்தாள், சத்தத்துக்கு நடுவே பாதிதான் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். மறுப்புக் குறிப்புகளைப் பார்த்தீர்களா என்றாள். வரி வரியாக நிறைய வந்துகொண்டிருக்கிறது, எது எது என்று தெரியவில்லை என்றேன்.

"மாமா, அட்டவணையை எப்படி வச்சீங்க?" என்று கேட்டாள்.

"எப்பவும் வைக்கிற மாதிரிதான் வச்சேன்," என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. நவம்பரில் அவள் இதைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தாள். நான் தலையாட்டிவிட்டு என் வழக்கத்தையே வைத்துக்கொண்டேன். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி என்றாள். மறுக்கப்பட்டதையெல்லாம் வாரி எடுத்து, அதற்கெல்லாம் அனுமதி கொடுக்கும் விதியாக எழுதித்தரும் கட்டளை ஒன்று உண்டு, அட்டையில் எட்டாவது. அதை அடித்து, வருவதை ஒவ்வொரு வரியாகத் தனக்குப் படிக்கச் சொன்னாள். "படிக்க மட்டும்தான் மாமா. உள்ளே ஏத்திடாதீங்க. அதுல நம்ம நிரலோட பேரைத் தவிர வேற பேரு எதாவது இருந்துச்சுன்னா..." என்பதோடு சத்தம் போய்விட்டது.

பஸ் சிச்சேவோ மலையிடுக்குக்குள் நுழைந்திருக்கும். அங்கே சுரங்கம் மாற்றிச் சுரங்கம், இடையில் பாறை. பனியில் எறும்பு மாதிரி ஊரும் பஸ்ஸுக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

பத்து மணிக்கு ஸ்பாசொயே கூப்பிட்டான். மூன்றாவது வளைவில் டிராக்டர் பனிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறதாம். இறங்கி நடந்து பார்த்திருக்கிறான், இடுப்புவரை புதைகிறதாம். செத்துப்போகாதே, டிராக்டருக்குள் ஏறி உட்கார் என்றேன். அந்த வழி அடைபட்டது.

எட்டாவது கட்டளையை அடித்தேன். நான்கு வரி வந்தது.

மேனேஜர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இதுதானே அனுமதி, இதை உள்ளே ஏற்றினால் பம்பு ஓடுமா என்று கேட்டார். ஓடலாம் என்றேன். அப்புறம் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்றார்.

படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு மெதுவாகத்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். முதல் மூன்று வரியும் எங்கள் நிரலின் பெயரில் தொடங்கின. நான்காவது வரி அப்படி இல்லை. அந்தப் பெயரை நான் பார்த்ததே கிடையாது. மறுப்புக் குறிப்புகளுக்குப் போய் அந்தப் பெயரைத் தேடினேன். சரியாக முப்பது வினாடிக்கு ஒரு தடவை வந்து நின்றது. வெளியுலகத்துக்கு ஒரு வாசலைத் திறக்கப் பார்க்கிறது, காவல் மூடுகிறது. மறுபடி திறக்கப் பார்க்கிறது, மூடுகிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரத்திலிருந்து இதே கதை.

அந்த இன்னொரு ஊரின் நிலையம் நினைவுக்கு வந்தது. உள்ளே யாரோ இருக்கிறான் என்றேன்.

மேனேஜர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"அது யாரும் இல்ல," என்றார். "என் அக்கா பையன் போன வாரம் போட்டுக் கொடுத்தது. வீட்டுல இருந்தே பம்பையெல்லாம் பார்த்துக்கலாம்னு. பார்க்கத்தான் மாஸ்டர், வேற ஒண்ணும் பண்ணாது. வெள்ளிக்கிழமையில இருந்து வேலை செய்யல."

"உங்களுக்குத் தெரியற வாசல் மத்தவனுக்குத் தெரியாதா?"

"இந்த ஊரு பம்பை எவன் வந்து பார்க்கப்போறான்?"

அந்த இன்னொரு ஊர்க்காரனும் அப்படித்தான் நினைத்திருப்பான் என்றேன். வெப்பமானி பதினொன்று.

சரி, அந்த நிரலை முதலில் கொன்றுவிட்டுக் காவலைத் தளர்த்தலாம் என்று நினைத்தேன். கொன்றேன். முப்பது வினாடியில் திரும்ப எழுந்து வந்தது. மறுபடி கொன்றேன், மறுபடி வந்தது. செத்தால் தானாக எழும்படி அக்கா பையன் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவைத்திருக்கிறான். அவனைக் கைபேசியில் கூப்பிடச் சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டார். அவர் வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருப்பவன், எடுக்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். சிகரெட் வாங்க வெளியே போயிருக்கிறானாம்.

பத்து முப்பத்தைந்து. ஆறு டிகிரி.

மேனேஜர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேட்டுக் குடியிருப்பில் எத்தனை கைக்குழந்தை இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். பத்தே நிமிடம் காவலைத் தளர்த்து, அட்டவணை உள்ளே போனதும் இறுக்கிவிடு, பத்து நிமிடத்தில் எவன் வந்துவிடப்போகிறான் என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. நியாயமாகப் பேசுகிற மேனேஜரை நான் அதிகம் பார்த்ததில்லை.

செட்என்ஃபோர்ஸ் என்று அடித்தேன். இடைவெளி. பூஜ்யம். மேனேஜர் உறையைக் கிழித்துக் கடவுச்சொல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்டர் விசைமேல் என் விரல் இருந்தது.

பத்து நிமிடம் இறுக்காமல் விட்டால், வாசலைத் திறந்துகொண்டு அந்த நிரல் காதுகொடுத்து உட்கார்ந்துவிடும். பிறகு காவலை இறுக்கினாலும், திறந்த வாசலைக் காவல் மூடுமா மூடாதா என்று எனக்குத் தெரியாது. நெவெனாவுக்குத் தெரியும், ஆனால் அவள் பாறைக்குள் இருக்கிறாள். தெரியாத வால்வை நான் திருகியதில்லை. விரலை எடுத்தேன்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க," என்றேன்.

"அஞ்சு நிமிஷத்துல என்ன பண்ணப்போற?"

"இன்னொரு தடவை படிக்கப்போறேன்."

தூ என்று ஏதோ சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

அடித்ததை அழித்துவிட்டு அந்த நான்கு வரிக்கே திரும்பினேன். நான்காவதை விட்டுவிட்டேன். முதல் மூன்றை எடுத்தேன். மூன்றிலும் எங்கள் நிரல் எதையோ படிக்க விரும்புகிறது, எதை என்று வலதுபக்கம் இருந்தது. அந்த வலதுபக்கச் சொல்லில் நான்கு எழுத்து எனக்குப் பழக்கமானவை. என் சொந்தக் கோப்புகள் இருக்கும் அறையின் பெயரில் வரும் அதே நான்கு ஆங்கில எழுத்து, ஹோம். தினம் காலையில் உள்ளே நுழையும்போது அடிப்பேன்.

எங்கள் நிரல் எதற்கு என் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது என்று முதலில் கோபம்தான் வந்தது. அட்டையில் நான்காவது கட்டளை, கோப்புகளை முத்திரையோடு காட்டுவது. நிரலின் அறைக்குப் போய் அதை அடித்தேன். பதினான்கு கோப்பு. பதிமூன்றுக்கும் ஒரே முத்திரை, நிலையத்தின் பெயர் போட்டது. பதினான்காவது என் அட்டவணை. அதன்மேல் ஹோம் என்று இருந்தது.

அப்போதுதான் நெவெனா நவம்பரில் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. நகர்த்தாதீர்கள், நகல் எடுங்கள் என்று சொல்லியிருந்தாள். நகல் எடுத்தால் புதுக்கோப்பு அந்த அறையிலேயே பிறக்கும், அந்த அறையின் முத்திரையோடு. நகர்த்தினால் கோப்பு தன் பழைய முத்திரையையும் சுமந்துகொண்டு போகும். நான் நகர்த்தியிருந்தேன். ஒரு கோப்பு இரண்டு இடத்தில் கிடக்கக் கூடாது, நகல் எடுத்தால் ஒன்று பின்னால் தங்கிவிடும் என்று பதினொரு வருடமாக நகர்த்தித்தான் வைக்கிறேன். பழைய கணினியில் அதற்கு எந்தத் தண்டனையும் இல்லை.

எப்படி வைத்தீர்கள் என்று அவள் கேட்டபோது நகர்த்தினேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பஸ் மலையிடுக்குக்குள் போவதற்கு முன்பே முடிந்திருக்கும்.

அட்டையில் ஏழாவது, ரீஸ்டோர்கான். இடத்துக்கு உரிய முத்திரையைக் கோப்புக்குத் திரும்பக் குத்தும். அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது, இந்த முத்திரை போய் இந்த முத்திரை வந்தது என்று. நான்காவது கட்டளையை மறுபடி அடித்துப் பார்த்தேன். பதினான்கும் ஒன்றுபோல் இருந்தன. நிரலை ஓடவிட்டேன்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பம்பு எடுத்தது. வெப்பமானி மூன்று.

பம்பு எடுத்தால் தண்ணீர் ஓடும் என்று படித்தவர்கள் நினைப்பார்கள். ஓட்டமானியைப் பார்த்தேன். மணிக்கு நூற்றுப் பத்து கன மீட்டர் காட்ட வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று. வெப்பமானிக்கு அப்பால், காற்று நேராக அடிக்கும் இடத்தில் குழாயின் உட்சுவரில் பனி பிடிக்கத் தொடங்கிவிட்டது. வேகத்தைக் கூட்டினால் உடைந்த பனி வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். கூட்டாவிட்டால் வெந்நீர் பாலத்துக்கு வந்துசேரும்முன் மிச்சமும் இறுகிவிடும். வேகத்தைத் தொடவில்லை. கொதிகலனில் இருப்பவனிடம் சூட்டை மட்டும் ஏற்றச் சொன்னேன்.

மேனேஜர் ஜன்னலிலிருந்து வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடுகிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

முப்பத்தொன்று. இருபத்தொன்பது. வெப்பமானி இரண்டரைக்கு இறங்கியது. அந்த நேரத்தில் யாராவது என்னிடம் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டிருந்தால் அடித்திருப்பேன். இருபத்தெட்டு. நாலு நிமிடம் இருபத்தெட்டிலேயே நின்றது. மேனேஜர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு முப்பது. முப்பத்தாறு. வெப்பமானி நான்கு, உடனே ஒன்பது. பதினொன்றேகாலுக்கு ஓட்டம் எழுபதைத் தாண்டியது. பதினொன்றரைக்கு நூற்றெட்டு, நாற்பத்தொரு டிகிரி.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

மேனேஜர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். போவதற்கு முன் அறிக்கையை எழுதிக்கொடு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

"அந்தப் பொண்ணு போட்ட காவலால நின்னுச்சுன்னு எழுது," என்றார். "பொய் இல்லையே. நாளைக்கே எடுத்துடச் சொல்றேன். எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

பொய் இல்லைதான். நான் காலையில் அவளுக்குச் சொன்ன பதிலைப் போலவே.

எழுதினேன். கோப்பை நான் நகர்த்தினேன், நகல் எடுத்திருக்க வேண்டும், நெவெனா கேட்டபோதும் சொல்லவில்லை என்று முதல் பத்தி. வெளியே வாசல் திறக்கப் பார்த்த நிரல் ஒன்று இருக்கிறது, மேனேஜரின் அக்கா மகன் போட்டது என்று இரண்டாவது பத்தி. எழுத்துப்பிழை இருந்திருக்கும். அவர் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார்.

"பிப்ரவரிக்கு உன் ஒப்பந்தம் என் மேஜைக்குத்தான் வரும். தெரியுமில்ல?"

"தெரியும். இந்தப் பேப்பர்ல ஒரு காப்பி நெவெனாவுக்கும் போகும். அதுவும் உங்களுக்குத் தெரியட்டும்."

கிழிந்த உறையையும் தாளையும் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடாமலே போனார்.

நெவெனா பன்னிரண்டரைக்கு வந்தாள். பூட்ஸில் பனியோடு நேராகக் கணினிக்குத்தான் போனாள், எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. பம்பு ஓடுகிறதா என்று கேட்பாள் என்று நினைத்தேன். முதலில் அவள் அடித்தது காவல் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கட்டளை. தடுக்கும் நிலை என்று வந்தது. அதற்குப் பிறகுதான் கோட்டைக் கழற்றினாள்.

உறையைக் கிழித்து எடுத்த கடவுச்சொல்லை மாற்றினாள். அக்கா பையனின் நிரலை வேரோடு பிடுங்கினாள். பிறகு என் அறிக்கையைப் படித்தாள். அவள் மெதுவாகப் படித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பஸ்ஸுல இருந்து நான் கேட்டேனே மாமா."

"கேட்டே. நீ சொன்னபடி செய்யலைன்னு சொல்ல மனசு வரல. அதுவும் அந்தாளு முன்னால."

"எத்தனை நிமிஷம் போச்சு?"

"எழுபத்திரண்டு."

எட்டாவது கட்டளையில் வந்ததை உள்ளே ஏற்றியிருந்தால் பம்பு ஓடியிருக்குமா என்று கேட்டேன். ஓடியிருக்கும் என்றாள். கூடவே எங்கள் நிரல் எல்லாருடைய சொந்த அறைக்குள்ளும் புகுந்து பார்க்கும் அனுமதியும் என்றைக்குமாக விதியில் ஏறியிருக்கும், மேனேஜரின் வாசலும் திறந்திருக்கும், பம்பு ஓடுவதால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பாராட்டுவாளோ என்று ஒரு கணம் தோன்றியது. பாராட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து என் கணக்கைத் திறந்தாள்.

அரை மணி நேரம் அடித்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். என் கணக்குக்கும் ஒரு முத்திரை போடுகிறாளாம். இனி நிரலின் அறைக்குள் நான் எதையும் நேராக வைக்க முடியாது, அங்கே இருப்பதை அழிக்கவும் முடியாது. அட்டவணை போட ஒரே ஒரு கட்டளை. அது தானே நகல் எடுக்கும், தானே முத்திரையைச் சரிபார்க்கும், பழையதையும் பத்திரமாக எடுத்துவைக்கும். வேறு எந்த வழியில் போனாலும் தடுக்கும்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"இல்ல மாமா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "என்மேலயும்தான் இல்ல. அடுத்து என் கணக்குக்கும் போடப்போறேன். இப்ப நகர்த்திப் பாருங்க."

வெறும் கோப்பு ஒன்றைச் செய்து நகர்த்திப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. குறுக்கு வழியாக இன்னொரு மாதிரி முயன்றேன். அதற்கும் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் முட்டிப் பார்த்தேன், அவள் தன் பையிலிருந்து பூரெக்கை எடுத்துத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் போகவில்லை. அந்தப் புதுக் கட்டளையை அட்டையில் பத்தாவதாக எழுதச் சொன்னேன். எழுதினாள்.

தொலைபேசி அடித்தது. மேட்டுக் குடியிருப்பு, ஏழாவது கட்டடம், ஒரு பெண். ரேடியேட்டர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, காசு வாங்கவில்லையா நீங்கள், எல்லாரும் அங்கே தூங்குகிறீர்களா என்று பிடித்துக்கொண்டாள். எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டேன். கை வைத்தால் சுடவில்லை என்றாள். மாலை மூன்று மணிக்குள் சுடும் என்றேன். போன வாரமும் இதைத்தான் சொன்னீர்கள் என்று கத்திவிட்டு வைத்தாள்.

புகார்ப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஏழாவது கட்டடம், வெதுவெதுப்பு, ஒன்றேமுக்கால் மணி.